நடக்கச் சொல்வதும் நடக்க இடம் தருவதும்

நேயர்களுக்கு வணக்கம். 50 வயதைத் தாண்டி என்னிடம் வருகிறவர்களை, இதயத்தின் நலனுக்காக நாள்தோறும் நடக்கச் சொல்லித்தான் அனுப்புகிறேன். ஆனால், அவர்கள் வீட்டு வாசலுக்கு வெளியே கால் வைக்க நடைபாதை இருக்கிறதா என்று கேட்க நெடுங்காலம் தவறியிருக்கிறேன்.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் ஓர் ஆய்வு உண்டு. லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் பணியாற்றிய ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டுப் பார்த்தார். இருவருக்கும் ஒரே பேருந்து, ஒரே சாலை, ஒரே புகை. ஓட்டுநர் வேலைநேரம் முழுவதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு 500 படிகளுக்கு மேல் ஏறினார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாகவும், வந்தாலும் தாமதமாகவும் வந்ததை 1953இல் அவர் வெளியிட்டார். பிறகு சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தபோது ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு தொடக்கத்திலேயே கூடுதலாக இருந்தது தெரியவந்தது; ஆகவே முழுப் பெருமையும் படிக்கட்டுக்குச் சேராது. ஆயினும் நடந்து கடிதம் கொடுத்த தபால்காரர்களையும் அலுவலகத்தில் அமர்ந்திருந்த எழுத்தர்களையும் ஒப்பிட்டபோது அதே போக்கே தென்பட்டது.

அந்த நடத்துநர் உடற்பயிற்சி என்று எதையும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். படிக்கட்டு அவருடைய வேலையிலேயே இருந்தது. அதைப்போல, காய்கறி வாங்கவும் பேருந்து ஏறவும் நண்பரைப் பார்க்கவும் நடந்தே போகும்படி ஒரு தெரு அமைந்திருந்தால், மன உறுதியை நம்ப வேண்டிய தேவை குறைகிறது. மனிதனின் மன உறுதி மூன்று வாரத்தில் தளர்ந்துவிடலாம். தெரு அங்கேயே இருக்கும்.

கால் தமனிகள் சுருங்கிய முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சிறிது தூரம் நடந்ததும் அவருக்குக் கெண்டைக்கால் வலிக்கும், சில நிமிடம் நின்றால் வலி அடங்கும், மீண்டும் நடக்கலாம். அப்படி விட்டுவிட்டு நடப்பதே அவருக்குரிய சிகிச்சையும்கூட. வழியில் ஒரு பெஞ்சு இருந்தால் அவர் கடைவரை போய்த் திரும்புவார். இல்லையென்றால் வீட்டிலேயே இருந்துவிடுவார். ஒரு பெஞ்சை நான் மருந்துப் பட்டியலில் எழுத முடியாதே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

சாலையைக் கடப்பதும் இப்படித்தான். நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்ற கணக்கில் பல இடங்களில் சிக்னல்கள் அமைக்கப்படுகின்றன. வயதானவர்களில் பலர் 1 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. பாதிச் சாலையில் விளக்கு மாறிய அச்சத்தை ஒருமுறை அனுபவித்தவர், மறுநாள் வெளியே வரத் தயங்குவார்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மர நிழலைப் பற்றியும் வாகனப் புகையைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். இரவு இரைச்சலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தூங்குகிறவருக்குச் சத்தம் கேட்காததுபோலத் தோன்றினாலும், அவருடைய நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் அதற்கு எதிர்வினை காட்டுகின்றன. அதனால்தான் சாலைப் போக்குவரத்தின் இரவு இரைச்சல் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. வணக்கம்.