மைக் இல்லாமல் ஒரு கிட்டார்

(பெரம்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களே, தாய்மார்களே, என்னிடம் கிட்டார் கற்கும் பிள்ளைகளே, வணக்கம்.

மைக்கை அணைக்கச் சொன்னேன். மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னேன். இந்த வேக்காட்டில் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. இப்போது ஒரே ஒரு தந்தியை மீட்டினேனே, கடைசி வரிசைக்குக் கேட்டதா? கேட்டவர்கள் கையைத் தூக்குங்கள். பாருங்கள், எத்தனை கைகள்!

கிட்டார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா வாழ்நாளெல்லாம் செய்தது இதைத்தான். 1893இல் ஸ்பெயினின் லினாரெஸ் ஊரில் பிறந்தவர். கிட்டாருக்குப் பெரிய கச்சேரி மேடையில் இடமில்லை என்று பலர் நினைத்த காலம் அது. அவர் மைக் வைக்காமல் பெரிய அரங்குகளில் உட்கார்ந்து வாசித்தார். 1935இல் பாரிசில், ஜெர்மன் இசையமைப்பாளர் பாகின் 'ஷாகோன்' வாசித்தார். தனி வயலினுக்கு எழுதிய இசை அது! வாசிக்கப் புதிய உருப்படிகள் வேண்டுமே என்று இசையமைப்பாளர்களைத் தேடிப்போய்க் கேட்டார். மெக்சிகோவின் போன்சே அவருக்காக எழுதிக் குவித்தார்.

பிள்ளைகளே, என் வலது கை நகங்களைப் பக்கத்தில் வந்து பாருங்கள். உப்புத்தாளில் தேய்த்து வைத்திருக்கிறேன். சின்னச் சொரசொரப்பு இருந்தாலும் தந்தியில் கீச்சென்று கேட்டுவிடும். செகோவியாவுக்கு முன்னோடியான தாரெகா, கடைசிக் காலத்தில் நகமே இல்லாமல் விரல் சதையால் வாசித்தவர். செகோவியா சதையும் நகமும் சேர்ந்து தந்தியைத் தொடும்படி வாசித்தார். இன்று நான் உங்களுக்குச் சொல்லித்தருவதும் அதுதான்.

தந்திக்கும் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் அது ஆட்டுக் குடலில் செய்தது. ஈரக்காற்று பட்டால் சுருதி நிற்காது. காசிமேட்டுக் காற்றில் என்ன பாடுபட்டிருக்கும்! இரண்டாம் உலகப் போரில் குடல் நரம்பு காயம் தைக்கப் போய்விட்டது, தந்திக்குத் தட்டுப்பாடு. அப்போதுதான் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் தந்தி செய்தார். செகோவியா அதை ஏற்று வாசித்தார். உங்கள் கிட்டாரில் இருப்பது அந்த நைலான்தான்.

ஆனால் செகோவியாவோடு நிறுத்திவிடாதீர்கள். அவருடைய ரசனை குறுகியது என்பது என் எண்ணம். இனிமையாக ஓடும் இசையைத் தாண்டி அவர் அதிகம் போகவில்லை. அதைத் தாண்டியவர் லண்டனின் ஜூலியன் பிரீம். 1963இல் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் அவருக்காக 'நாக்டர்னல்' எழுதினார். ஆங்கில இசையமைப்பாளர் டவுலண்ட் எழுதிய, தூக்கத்தை அழைக்கும் பழைய பாட்டு ஒன்றுதான் அதன் கரு. வழக்கமாகப் பாட்டு முதலில் வரும், விரிவுகள் பின்னால் வரும். இதில் விரிவுகள் முதலில்: புரண்டு புரண்டு படுக்கும் இரவு. எல்லாம் அடங்கியபின், கடைசியில்தான் அந்தப் பாட்டு வருகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

ஈடா பிரெஸ்தியை மறந்தால் அது அநியாயம். பிரான்சில் 1924இல் பிறந்தவர், 42 வயதில் போய்விட்டார். கணவர் லகோயாவோடு சேர்ந்து வாசித்தால் இரண்டு கிட்டாரும் ஒன்றாகவே கேட்கும். பராகுவேயின் பாரியோஸ், மற்றவர்கள் இளக்காரமாகப் பார்த்த உலோகக் கம்பியில் வாசித்தவர். அவர் 1944இல் மறைந்தார். 1977இல் கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் அவர் இசையை மட்டுமே வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்ட பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. கோவிலில் கம்பி கிட்டார் வாசிக்கும் அண்ணன்மார்களே, அவர் உங்கள் ஆள்!

இப்போது என் மாணவி தாரெகாவின் 'லாக்ரிமா' வாசிப்பாள். கண்ணீர் என்று பொருள். மின்விசிறி இன்னும் இரண்டு நிமிடம் நிற்கட்டும். ரயில் சத்தம் வருகிறது. அது போகட்டும், அப்புறம் ஆரம்பி அம்மா.