தெரு ஏறினால் கிணறும் ஏறும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வாசலில் மூன்று படி இருந்தது. அதில் ஏறித்தான் திண்ணைக்கு வர வேண்டும். இன்று அதே வீட்டுக்குள் போக ஒரு படி இறங்க வேண்டும். வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது; தெருதான் ஏறிவிட்டது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல், அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நாலு விரல், ஐந்து விரல் உயரம். முதல் படி போனது, அப்புறம் இரண்டாவது. ஐப்பசி பிறந்தால் நிலைக்கல் பக்கத்தில் மணல் மூட்டை அடுக்குவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. வடசென்னையில் பழைய வீடு வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த முங்கிப்போன படியால்தான் 4,500 வருஷத்துக்கு முந்தைய ஒரு நகரத்தை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. மொகஞ்சதாரோவைச் சொல்கிறேன். இன்றைய பாகிஸ்தானில், சிந்து மாகாணத்தில், சிந்து ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. கி.மு. 2500 வாக்கில் எழும்பி, கி.மு. 1900 வாக்கில் ஆள் ஒழிந்துபோன ஊர். 1922இல் தொல்லியல் துறை அதிகாரி ஆர்.டி. பானர்ஜி அங்கே மேட்டின் உச்சியில் இருந்த புத்த ஸ்தூபியைத் தோண்டினார். அதற்கும் அடியில் அதைவிட வெகு பழைய நகரம் ஒன்று கிடப்பது தெரிந்தது. 1924இல் அந்தத் துறையின் தலைவர் ஜான் மார்ஷல் அதை உலகத்துக்கு அறிவித்தார். பள்ளிக்கூடப் பாடத்தில் இவ்வளவும் இருக்கிறது. நானும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவள்தான். ஊர் மட்டும் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

கல்லூரியில் வரலாறு படித்தபோது, கன்னிமாரா நூலகத்திலிருந்து ஒரு படத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். இடிந்த சுவர்களுக்கு நடுவே, செங்கல்லால் கட்டிய ஒரு வட்டத் தூண், ஆள் உயரத்துக்கும் மேலே தனியாக நிற்கிறது. என் அப்பா கொத்தனார். நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

“இன்னா பாப்பா இது, சூளைப் புகைபோக்கியா?”

“கிணறு நைனா.”

“கிணறு எங்கனா நட்டுக்கினு நிக்குமா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் தாளை விளக்குப் பக்கம் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பினார். அப்புறம் சொன்னார்: “தெரு ஏறிக்கினே போயிருக்குது. இவங்க கிணத்து வாயையும் ஏத்திக்கினே போயிருக்காங்க. தோண்ட வந்தவங்க சுத்தியிருந்த மண்ணை வாரிட்டாங்க. கிணறு மட்டும் நின்னுச்சு.”

புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்த விஷயம் அதுதான். மொகஞ்சதாரோவில் வீடு பழசானால் இடித்துத் தள்ளி, அந்த இடிபாட்டின் மேலேயே புது வீடு கட்டினார்கள். தலைமுறைக்குத் தலைமுறை தரை உயர்ந்தது. கிணற்றுக்குள் தெருத் தண்ணீர் போகாமல் இருக்க, சுவரில் புதுச் செங்கல் வரிகளை வைத்து ஏற்றினார்கள். சாக்கடையையும் தூக்கிக் கட்டினார்கள். ஆக, அந்தத் தூணைக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே போனால், ஒரு தெரு பல நூறு வருஷம் வாழ்ந்த கதையைப் படித்துவிடலாம்.

அந்த ஊரில் 700க்கும் மேற்பட்ட கிணறுகள் இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சராசரியாக மூன்று வீட்டுக்கு ஒரு கிணறு. இதைக் கேட்டவுடனே எனக்கு எங்கள் பக்கத்து ஏழு கிணறுதான் ஞாபகம் வந்தது. 1772 வாக்கில் கேப்டன் பேக்கர் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோகத் திட்டம் போட்டுத் தோண்டிய கிணறுகள் அவை. நல்ல தண்ணீர் ஊறுகிற இடம் வடக்கே இருந்தது. குடிக்கிறவர்கள் கோட்டைக்குள் இருந்தார்கள். ஒரு ஊரில் தண்ணீர் யார் வீட்டுப் பக்கம் போகிறது என்று பார்த்தாலே அந்த ஊரின் அதிகாரம் எங்கே உட்கார்ந்திருந்தது என்று தெரிந்துவிடும். மொகஞ்சதாரோவில் கிணறு ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அங்கே ராஜா வீடு இதுதான் என்று யாரும் திட்டமாகக் காட்ட முடியாமல் இருப்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க எனக்குப் பிடிக்கும்.

கிணற்று வாய்ச் செங்கல்லில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. பக்கத்துத் தரையில், குடத்தை வைத்து வைத்துக் குழிந்த தடமும் இருக்கிறது. லாரித் தண்ணீருக்கு வரிசையில் குடம் வைத்து வளர்ந்தவள் நான். பச்சைக் குடம் எங்களுடையது, அதன் காதில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அந்தக் குழியைப் படத்தில் பார்த்தபோது, இது எந்த வீட்டுக் குடமோ என்று நினைத்துக்கொண்டேன்.

செங்கல்லைப் பற்றி நைனா சொன்னதையும் சொல்ல வேண்டும். அங்கே செங்கல் 1க்கு 2க்கு 4 என்ற கணக்கில் அறுக்கப்பட்டது. கனம் ஒரு பங்கு, அகலம் இரண்டு பங்கு, நீளம் நாலு பங்கு. பாடத்தில் இதை ஒரு அதிசயம் மாதிரி எழுதியிருப்பார்கள். நைனாவுக்கு அது வேலைச் சௌகரியம். இரண்டு கல்லைக் குறுக்கே வைத்தால் ஒரு கல்லின் நீளம் சரியாக வர வேண்டும். அப்போதுதான் ஒரு வரி நீளவாக்கிலும் அடுத்த வரி குறுக்குவாக்கிலும் வைத்து, மூட்டு மேல் மூட்டு வராமல் சுவர் எழுப்பலாம். கிணற்றுக்கு மட்டும் ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் கல் அறுத்தார்கள். சுற்றிலும் மண் தள்ளத் தள்ள அந்தக் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். “வட்டத்துக்குன்னே தனியா கல்லு அறுத்திருக்கான் பார்” என்று நைனா அன்றைக்கு மூன்று பேரிடமாவது சொல்லியிருப்பார்.

இந்தச் செங்கல்லின் அருமை தெரியாமல் நடந்த காரியமும் உண்டு. ராயபுரத்தில் ரயில் ஓட ஆரம்பித்தது 1856இல். அதற்கடுத்த சில வருஷங்களில் லாகூருக்கும் முல்தானுக்கும் நடுவே பாதை போட்டார்கள். ஜல்லிக்குப் பதிலாக, மொகஞ்சதாரோ காலத்து இன்னொரு நகரமான ஹரப்பா மேட்டின் செங்கல்லை அள்ளிக் கொட்டினார்கள், ஏறக்குறைய 100 மைல் தூரத்துக்கு. அதனால்தான் ஹரப்பாவில் தெரு அமைப்பைப் பார்ப்பது கஷ்டம். மொகஞ்சதாரோ தப்பித்தது.

அங்கே தோண்டிய பகுதிகளுக்கு டி.கே., ஹெச்.ஆர்., வி.எஸ். என்று பெயர். தோண்டிய அதிகாரிகளான தீட்சித், ஹார்கிரீவ்ஸ், வாட்ஸ் பெயர்களிலிருந்து எடுத்த எழுத்துகள். நம்முடைய ஆர்.கே. நகர், எம்.கே.பி. நகர் மாதிரிதான்! என் மாணவர்களுக்கு வரைபடத்தை இப்படித்தான் அறிமுகப்படுத்துவேன். பெயர் பழகிவிட்டால் பயம் போய்விடும். ஏறக்குறைய 10 மீட்டர் அகலப் பெரிய தெரு. அதிலிருந்து பிரியும் சந்துகள். வீட்டு வாசல் பெரும்பாலும் சந்தைப் பார்த்து. குளிக்கும் இடம் தெருவை ஒட்டிய சுவர்ப் பக்கம், தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போக. சாக்கடைக்கு மேலே செங்கல் மூடி, தேவைப்பட்டால் எடுத்துவிட்டு உள்ளே கை விடலாம்.

அந்தச் சாக்கடை ஓரத்தில் ஒரு விஷயம் கிடைத்தது. 1920களின் பிற்பகுதியில் அங்கே தோண்டிய எர்னஸ்ட் மக்கே, பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் சின்னச் சின்ன மணல் குவியல்களைக் குறித்து வைத்திருக்கிறார். சாக்கடையைத் தூர் வாரி, ஓரத்தில் போட்ட வண்டல். மழைக்கு முன்னால் நம் தெருக்களில் அள்ளிப் போட்டுக் காயவிடுகிறார்களே, அதே குவியல்தான். பெருங்குளத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், நிலக்கீல் பூசிய அழகான வேலை. பேச வேண்டியதுதான். ஆனால் என் மனசு அந்த மணல் குவியலிடம்தான் நிற்கிறது. அதை அள்ளிப் போட்ட கை யாருடையது? அவரை அந்த ஊர் எப்படி நடத்தியது? எங்கள் பகுதியில் சாக்கடைக்குள் இறங்கிய மனிதர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒரு நகரத்தின் சுத்தத்தைப் புகழும்போது இந்தக் கேள்வியை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

சரி, மொகஞ்சதாரோக்காரர்கள் தமிழர்களா? எங்கே போய்ப் பேசினாலும் முதலில் வரும் கேள்வி இது. எழுத்தாய்வாளர் ஐராவதம் மகாதேவன் 1977இல், அவர்களுடைய முத்திரைகளில் இருக்கும் எழுத்துகளுக்கு ஒரு தொகுப்பே வெளியிட்டார். அது தொல்திராவிட மொழியாக இருக்கலாம் என்று கடைசிவரை உழைத்தார். எழுத்தைப் படித்துக் காட்டுகிறவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. இன்னும் எல்லாரும் ஏற்கும்படி யாரும் படிக்கவில்லை. எழுத்து வரட்டும், காத்திருப்போம். அதுவரை செங்கல் பேசுவதைக் கேட்கலாம், அதற்கு அகராதி வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைப் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் மாடிப் பூங்காவுக்கு அழைத்துப் போவேன். ஐதர் அலியின் குதிரைப்படை சென்னை ஓரம்வரை வந்து போன பிறகு, 1770 வாக்கில் கம்பெனி கட்டிய மதிலின் மிச்சம் அது. மேற்கு மதில் இருந்த பக்கத்துக்கு இன்றும் வால்டாக்ஸ் ரோடு என்று பேர். மதில் போய், மதிலுக்காகப் பேசப்பட்ட வரியின் பேர் தங்கிவிட்டது. பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சுவரின் அடி எங்கே இருக்கிறது? கண்ணுக்குத் தெரிகிற அடியைக் காட்டுவார்கள். அது இன்றைய தரை. கட்டியபோது இருந்த தரை எங்கே என்று கேட்டவுடனே, பத்து வயசுப் பிள்ளைகூடக் குனிந்து பார்க்கும்.

அந்தச் செங்கல்லைத் தொட்டால் சில இடத்தில் வெள்ளையாகப் பொடி ஒட்டும். உப்பு. கடலோர வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், சுவர் அடியில் உப்புப் பொரிந்து பூச்சு உதிரும். மொகஞ்சதாரோவைத் தின்றுகொண்டிருப்பதும் இதே உப்புதான். நிலத்தடி நீர் செங்கல் வழியே மேலே ஏறி, வெயிலில் காய்ந்து, உப்பு உள்ளே படிகமாகி, கல்லை மாவாக்கிவிடுகிறது. 1965க்குப் பிறகு அங்கே பெரிய அளவில் தோண்டவே இல்லை. திறந்தால் அழியும், மூடி வைத்தால் பிழைக்கும். அடித்தட்டு தண்ணீருக்குள் இருப்பதால் ஊரின் முதல் தெருவை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

நைனா இப்போது இல்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிணறு இருக்கிறது. போன வருஷம் தூர் வாரும்போது டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். அடியில் சப்பையான பழைய செங்கல், சுண்ணாம்புக் காரை. அது தாத்தா காலத்துக்கும் முந்தியது. அந்தக் கட்டின் உச்சி வரியில், உள் ஓரமாக, விரல் பதிகிற அளவுக்கு நாலு கயிற்றுப் பள்ளம். அதற்கு மேலே சேம்பர் செங்கல்லில், சிமென்ட் வைத்து ஐந்து வரி. தெரு ஏறியபோது நைனா ஏற்றிக் கட்டியது. அதில் பள்ளம் ஒன்றுகூட இல்லை. அதற்குள் வீட்டுக்கு மோட்டார் வந்துவிட்டது.

வணக்கம்.