ஒரு ரூபா எங்கள் ஊரில் எத்தனை நாள் தங்கும்?

விசுவமடுப் பக்கத்துக் கிராமமொன்றின் பொதுநோக்கு மண்டபத்தில், கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் கூடியிருந்த ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்.

அன்பான பெரியோர்களே, மாதர் சங்கத்து அக்காமாரே, தங்கச்சிமாரே, வெயிலுக்குள் இவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்த மாணவப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சமூக முயற்சியாண்மை பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். புதுச் சொல்லாகத் தெரியலாம். விஷயம் உங்களுக்குப் பழகியதுதான். ஒரு தொழிலை ஒழுங்காக நடத்தி, கணக்கு வைத்து, இலாபமும் எடுத்து, அந்த இலாபம் ஊரின் ஒரு குறையைத் தீர்க்கத்தான் போக வேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்திருந்தால் அது சமூக முயற்சி. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் ஊரில் 28 பேர் சேர்ந்து மாவும் வெண்ணெயும் சீனியும் ஓட்ஸ் மாவும் மெழுகுதிரியும் விற்க ஒரு கடை போட்டார்கள். கலப்படமில்லாத சாமான், சரியான நிறை, வருட முடிவில் வாங்கியவனுக்கே இலாபத்தில் பங்கு. நம்முடைய சங்கக்கடை அந்தக் கடையின் பேரப்பிள்ளை. 1930களில் யாழ்ப்பாணத்து மூளாயில் கூட்டுறவு ஆஸ்பத்திரி கட்டியவர்களும், 1970களில் சங்கமாகச் சேர்ந்து தங்கள் கள்ளைத் தாங்களே விற்கத் தொடங்கிய சீவல் தொழிலாளர்களும் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வேலையைச் செய்து காட்டினார்கள்.

ஆகவே தொழிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர நான் வரவில்லை. நான் பேச வந்தது அதை அளக்கும் வேலையைப் பற்றி. ஒரு சங்கம், ஒரு சிறு தொழில், ஒரு கடன் திட்டம் ஊருக்கு என்ன செய்தது என்று பல்கலைக்கழகம் எப்படி அளக்கிறது, எங்கே பிழை விடுகிறது, இனி எப்படி அளக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

என் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

மீள்குடியேற்றம் முடிந்து சில வருடங்களில், நான் ஆய்வு மாணவியாக முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். வீடு என்றால் அரைச்சுவரும் தகரமும். முற்றத்து வேம்பின் கீழே ஒரு அம்மா சார்வோலையை மடியில் வைத்து, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி பின்னிக்கொண்டிருந்தார். ஓலையை நனைக்கப் பக்கத்தில் ஒரு பால்மாப் பேணியில் தண்ணீர். விரலைத் தோய்த்து ஓலையைத் தடவி மடிப்பார், கண் என் முகத்தில் இருக்கும், கை தன் பாட்டில் போகும். நான் வினாக்கொத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். "உங்கட சராசரி மாத வருமானம் எவ்வளவு அம்மா?" என்ற கேள்வி வந்தது. கை நின்றது.

"எந்த மாசம் பிள்ளை?"

நான் விழித்தேன். அவர் எனக்காக எண்ணிக் காட்டினார். மாசி பங்குனியில் காலபோக அறுவடை, கூலி வேலை இருக்கும், கையில் காசு இருக்கும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குத் தங்கச்சியோடு கச்சான் கடை, அது ஒரு கிழமை வரும்படி. ஆவணி புரட்டாசியில் பனம்பழம், பனாட்டுப் போடலாம். ஐப்பசி கார்த்திகை மழைக்குள் ஓலையும் காயாது, கூலியும் இல்லை, சங்கக்கடைக் கொப்பியில் கடன்தான். "மாரிக்கும் கோடைக்கும் ஒரே கணக்கே?" என்று கேட்டார்.

வினாக்கொத்தில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்து ஒரு தொகையை எழுதினேன். அந்தத் தொகை வருடத்தின் எந்த மாதத்திலும் அவருடைய கையில் இருந்ததே இல்லை. அதை வைத்துத்தான் நான் அட்டவணை போட்டேன்.

இது ஒரு மாணவியின் சின்னத் தவறு என்று விட்டுவிட முடியாது. இதே பிழையின் மேல்தான் வன்னியில் கிழமைக்கடன் என்று நாம் சொல்லும் நுண்கடன் கட்டி எழுப்பப்பட்டது. வருமானம் போகத்துக்குப் போகம் வருகிறது, தவணையோ கிழமைக்குக் கிழமை. ஐந்து பேர் குழுவாகக் கையெழுத்து வைத்திருப்பார்கள், ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும். கார்த்திகை மாதத்தில் ஒருத்தி எங்கே போவாள்? அடுத்த கம்பனியிடம் இரண்டாவது கடன். அதைக் கட்ட மூன்றாவது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர், நுண்கடன்களின் உண்மையான வருட வட்டி சில இடங்களில் 220 வீதம் வரை போகிறது என்று சொன்னார். அதே வருடம் மத்திய வங்கி 35 வீதம் என்று வரம்பு போட்டது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்து நிலுவையில் இருந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் நிபந்தனைகளோடு தள்ளுபடியும் செய்தது. அதற்கு முன்பு எத்தனை வீட்டில் தாலிக்கொடி போனது, எத்தனை பேர் கடன்காரருக்கு ஒளித்துக் காட்டுப் பக்கம் நின்றார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லத் தேவையில்லை.

இத்தனைக்கும் நுண்கடன் என்ற எண்ணம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நல்ல மனத்தோடு பிறந்தது. 1974இன் பஞ்சத்துக்குப் பிறகு, பங்களாதேசின் சிட்டகொங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிப்பித்த முகம்மது யூனுஸ், பக்கத்துக் கிராமமான ஜோப்ராவுக்கு மாணவர்களோடு நடந்து போனார். மூங்கில் முக்காலி செய்யும் பெண்கள், மூங்கில் வாங்கக் காசில்லாமல் வியாபாரியிடம் கடன்பட்டு, செய்ததை அவன் சொன்ன விலைக்கே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1976இல் 42 பேரின் கடனைக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் 27 டொலர்தான். அதைத் தன் பையிலிருந்து கொடுத்தார். 1983இல் அது கிராமீன் வங்கியானது, 2006இல் நோபல் பரிசு. அந்த நடையை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு உலகம் அந்த 42 பேரின் கதையையே திரும்பத் திரும்பச் சொல்லி, அளந்து பார்க்காமல் கடனை எல்லா ஊருக்கும் கொண்டுபோனது. 2015இல் இந்தியா, மொங்கோலியா, எத்தியோப்பியா, மொரோக்கோ, மெக்சிக்கோ, பொஸ்னியா ஆகிய ஆறு நாடுகளின் ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. கடன் கிடைத்த ஊர்களையோ ஆட்களையோ கிடைக்காதவர்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வுகள். வறுமையிலிருந்து மக்களைத் தூக்கிவிட்டதாக எந்த நாட்டிலும் காணவில்லை. சிலருக்குக் கொஞ்சம் உதவி, அவ்வளவுதான்.

நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு இன்னும் கூர்மையானது. மாணவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு, 2005இலிருந்து, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் செய்வோருக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபா கொடுத்தார்கள். சிலருக்குக் காசாக, சிலருக்குப் பொருளாக. கடனாக இல்லை, இனாமாக. பிறகு போய்ப் போய் இலாபத்தைக் கேட்டார்கள். ஆண்களுடைய தொழிலில் இலாபம் நன்றாகக் கூடியது. பெண்களுடைய தொழிலில் கூடவே இல்லை. பெண்களுக்குத் தொழில் நடத்தத் தெரியாது என்று இதை வைத்துப் பேசுவது எவ்வளவு இலேசு! ஆனால் வேறு ஆய்வாளர்கள் அதே தரவைத் திரும்ப எடுத்து, தொழிலைத் தனியே பார்க்காமல் வீட்டை மொத்தமாகப் பார்த்து 2019இல் எழுதினார்கள். மனைவிக்குக் கொடுத்த காசு பல வீடுகளில் கணவனின் தொழிலுக்குள் போயிருந்தது. வீட்டு வருமானமாக எடுத்துப் பார்த்தால் ஆண், பெண் வித்தியாசம் மறைந்துபோனது. வீட்டில் தொழில் நடத்தும் ஒரே ஆள் பெண்ணாக இருந்த இடங்களில் அவளுடைய இலாபம் ஆணுக்குக் குறைந்ததாக இல்லை.

இப்போது வன்னியை நினைத்துப் பாருங்கள். யுத்தத்துக்குப் பிறகு எத்தனை வீடுகளில் உழைக்கும் ஒரே ஆள் பெண்! காலியில் கிடைத்த முதல் முடிவை எடுத்துவந்து இங்கே திட்டம் போட்டால், முழங்காலில் நிற்கும் ஒரு வீட்டைத் தள்ளிவிட்டது போலாகும். இங்கே வேறு கேள்வி கேட்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு மூலதனம் கிடைத்தால், பிள்ளையைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? சந்தைக்குக் கொண்டுபோக எந்த பஸ்? இவையும் கணக்கில் சேர வேண்டும்.

சரி, ஊருக்கு வருவோம். தலைப்பில் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன் அல்லவா, ஒரு ரூபா இங்கே எத்தனை நாள் தங்கும் என்று.

இந்த மண் கச்சானுக்குப் பேர்போனது. பிடுங்கி, காயவைத்து, சாக்கில் கட்டியதும் லொறி வருகிறது. சாக்குக் கணக்கில் விலை. கோதுடன் போன கச்சான் உப்பும் நெருப்பும் கண்டு, சின்னப் பக்கற்றாகி, அதே வீதியிலுள்ள கடையில் தொங்குகிறது. உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாங்கித் தின்பது உங்கள் தோட்டத்துக் கச்சானாகவும் இருக்கலாம். வறுத்த கூலி, பக்கற் கட்டிய கூலி, ஏற்றி இறக்கிய கூலி எல்லாம் வெளியூரில் இறங்கிவிட்டன. நெல்லும் அப்படித்தான். களத்திலேயே ஈரத்தோடு லொறியில் ஏறி, பொலன்னறுவைப் பக்கத்துப் பெரிய ஆலைகளுக்குப் போய், அரிசிப் பையாகத் திரும்பி வருகிறது. உமியும் தவிடும்கூடத் திரும்பி வருவதில்லை.

இலண்டனிலுள்ள புதிய பொருளாதார மன்றம் 2002இல் இதை அளக்க ஒரு எளிய வழி சொன்னது. மூன்று சுற்று மட்டும் பாருங்கள் என்றார்கள். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஊருக்குள் 10,000 ரூபா வருகிறது. நூறுக்கு எண்பது ஊருக்குள்ளேயே செலவாகிறது என்றால் அடுத்த கைக்கு 8,000, அதற்கடுத்த கைக்கு 6,400. மூன்றையும் கூட்டினால் ஊருக்கு அந்தக் காசு 24,400 ரூபா வேலை பார்த்திருக்கிறது. நூறுக்கு இருபதுதான் தங்குகிறது என்றால் 10,000, பிறகு 2,000, பிறகு 400. மொத்தம் 12,400. வந்த காசு இரண்டிலும் ஒன்றுதான்.

குளத்தைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது விளங்கும். 2018 மார்கழியில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்தபோது எவ்வளவு தண்ணீர் போனது! வயலையும் வீட்டையும் மூழ்கடித்துவிட்டுக் கடலுக்குப் போனது. துருசால், அதாவது மதகால், மெல்ல விட்ட தண்ணீர்தான் வாய்க்காலில் வயலுக்கு வயல் நின்று நெல்லாகிறது. 2009க்குப் பிறகு இங்கே வந்த உதவிப் பணத்தில் பெரும்பங்கு வான் பாய்ந்த தண்ணீர்தான் என்பது என் எண்ணம். சீமெந்து வெளியிலிருந்து, கொந்தராத்துக்காரர் வெளியிலிருந்து, மேசனும் வெளியிலிருந்து. வீடு வந்தது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கூலி போய்விட்டது.

அப்புறம் இன்னொன்று. ஒரே ஒழுங்கையில் இருபது பேருக்குத் தையல் மெசின் கொடுத்த ஊரை நான் கண்டிருக்கிறேன். அறிக்கையில் அது இருபது புதுத் தொழில். அந்த ஒழுங்கையில் முன்பே சட்டை தைத்துப் பிழைத்த ஒருத்தி இருந்தாள். அவளுடைய வாடிக்கையை இருபது பேர் பிரித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடச் சீருடைக் காலம் முடிய ஒருவருக்கும் வேலை இல்லை. சமூக முயற்சிகளின் பலனைக் காசில் அளக்கும் முறை 1990களில் சான் பிரான்சிஸ்கோவில் உருவானது. அந்த முறையில் தேர்ந்தவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள்: இது இல்லாவிட்டாலும் நடந்திருக்குமா? இவருக்குக் கிடைத்தது இன்னொருவரிடமிருந்து நகர்ந்து வந்ததா? மாணவர்களே, இந்த இரண்டையும் கேட்காமல் "பயனாளிகள் இத்தனை பேர்" என்று எழுதி முடிக்காதீர்கள்.

இன்று வன்னிக்குள் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து தனிப் பல்கலைக்கழகம். என் காலத்தில் பஸ் மாறி மாறி வந்து ஒரு நாளில் வினாக்கொத்தை நிரப்பிவிட்டு ஓடினோம். உங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. மாரியிலும் வாருங்கள், கோடையிலும் வாருங்கள். பன்னிரண்டு மாதமும் பன்னிரண்டு பெட்டி வையுங்கள்.

நீத்துப்பெட்டி பின்னிய அந்த அம்மா, நான் எழும்பும்போது இன்னொன்றும் கேட்டார். "போனமுறையும் பிள்ளையள் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனவை. அது என்னவாய் முடிஞ்சது?" எனக்குத் தெரியவில்லை. என்னுடையதும் அப்படித்தான் போனது. ஆங்கிலத்தில் எழுதி, கட்டி, நூலகத்தில் வைத்தாயிற்று. எனக்குப் பட்டம் கிடைத்தது. அவருக்கு ஒரு கடதாசி கிடைக்கவில்லை. அந்தக் கடனை இத்தனை வருடமாக நான் சுமக்கிறேன்.

அதனால் சங்கத் தலைவரோடு பேசி ஒரு ஒழுங்கு செய்திருக்கிறோம். இந்தச் சித்திரையிலிருந்து அடுத்த பங்குனி வரை மூன்று கொப்பி: ஒன்று சங்கக்கடையில், ஒன்று நீங்கள் தொடங்கப்போகும் கச்சான் வறுக்கும் கொட்டிலில், ஒன்று விரும்பும் வீடுகளின் அடுப்படியில். காசு யாரிடமிருந்து வந்தது, யாரிடம் போனது, அவர் ஊரா வெளியா. இந்த மூன்றும் போதும். எழுத நேரமில்லாதவர்களுக்கு மாணவர்கள் கிழமைக்கு ஒருதரம் வந்து கேட்டு எழுதுவார்கள். பெயர் வெளியே போகாது, எண் மட்டும்தான். கடன் விவரம் சொல்ல விருப்பமில்லாவிட்டால் அந்த வரியை வெறுமையாக விடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்.

வருடம் முடிய, அறிக்கை பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்பு, இதே மண்டபத்தில் தமிழில் உரத்து வாசிக்கப்படும். பிழை என்று நீங்கள் சொன்னால் திருத்தப்படும். திருத்த முடியாத இடத்தில் உங்கள் மறுப்பும் சேர்த்து எழுதப்படும். அந்த நாளை அடுத்த வற்றாப்பளைப் பொங்கலுக்கு முந்திய கிழமைக்கு வைத்திருக்கிறோம். அந்த அம்மா இப்போதும் அதே காணியில்தான் இருக்கிறார் என்று விசாரித்து அறிந்தேன். அன்றைக்குக் காலையில் நானே போய் அவரைக் கூட்டிவருவேன்.

கொப்பிகள் அந்த மேசையில் இருக்கின்றன. வாருங்கள், பெயரைப் பதிவோம்.