கூட்டாட்சி நிதிச் சட்டம் மாறினால் பள்ளியின் கணக்கில் என்ன மாறும்?

வணக்கம். அமெரிக்கப் பொதுப் பள்ளிகளுக்கு வாஷிங்டனிலிருந்து வரும் பணத்தைப் பற்றியும், அதற்கான சட்டம் மாறும்போது பள்ளிகள் எப்படித் தங்கள் கணக்கை மாற்றிக்கொள்கின்றன என்பதைப் பற்றியும் இன்று பேசப் போகிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஆண்டுகளில் ஒரு பொதுப் பள்ளி செலவழிக்கும் நூறு டாலரில் கூட்டாட்சி அரசின் பங்கு எட்டிலிருந்து பத்து டாலர்தான். மற்றதெல்லாம் மாநில வரியும் உள்ளூர்ச் சொத்து வரியும். பத்து டாலர்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. மீதித் தொண்ணூறில் பெரும்பகுதி வழக்கமான சம்பளம், பேருந்து, கட்டடம் என்று போய்விடும். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குத் தனி ஆசிரியர், மாலை நேர வகுப்பு போன்றவை பல இடங்களில் இந்தப் பத்திலிருந்துதான் நடக்கின்றன. இன்னொன்று, இந்தப் பணம் நிபந்தனையோடு வருகிறது. சில நிபந்தனைகள் மீதித் தொண்ணூறு டாலரையும் கட்டுப்படுத்தும். அதனால் புதிய சட்டம் வந்தால், தொகை கூடியதா குறைந்ததா என்று பார்ப்பதற்கு முன் எந்த நிபந்தனை மாறியது என்று பார்ப்பவரே நல்ல நிதி அலுவலர்.

அடிப்படைச் சட்டம் 1965 ஏப்ரல் 11 அன்று அப்போதைய அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டது. அதன் முதல் பகுதியைத்தான் எல்லோரும் டைட்டில் ஒன் என்கிறோம். வறுமையில் உள்ள பிள்ளைகள் அதிகமாக இருக்கும் பள்ளிகளுக்கான பணம் அது. இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,840 கோடி டாலர். அதே சட்டம் 2002இல் ஒருமுறையும், 2015 டிசம்பரில் ஒருமுறையும் அடியோடு திருத்தி எழுதப்பட்டது. 2002 வடிவத்தைப் பழைய சட்டம் என்றும் 2015 வடிவத்தைப் புதிய சட்டம் என்றும் சொல்கிறேன்.

பழைய சட்டம் மதிப்பெண் இலக்கை எட்டாத பள்ளிகளைக் கொண்ட மாவட்டங்களிடம், அதாவது ஓர் ஊரின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகங்களிடம், ஒரு கடுமையான ஏற்பாட்டைக் கேட்டது. டைட்டில் ஒன் தொகையில் 20 சதவீதத்துக்குச் சமமான பணத்தை, வேறு பள்ளிக்கு மாறும் பிள்ளைகளின் பேருந்துச் செலவுக்கும் வெளியார் நடத்தும் தனிப்பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும். ஒரு மாவட்டம் 20 லட்சம் டாலர் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 4 லட்சம் இப்படித் தனியே நிற்கும். புதிய சட்டம் இந்தக் கட்டாயத்தை நீக்கியது. அந்த 4 லட்சம் அப்படியே பள்ளிக்குத் திரும்பிவிடும் என்று பலர் கணக்குப் போட்டார்கள். அங்கேதான் சறுக்கல். பள்ளி மேம்பாட்டுக்காக மாநிலம் மேலேயே பிடித்துக்கொள்ளும் பங்கை அதே சட்டம் 4 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்த்தியது. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கான பங்கையும், மற்ற ஒதுக்கீடுகளைக் கழித்த பிறகு கணக்கிடாமல் முழுத்தொகையிலிருந்தே கணக்கிடச் சொன்னது. மிஞ்சியது எதிர்பார்த்ததைவிடக் குறைவு. சட்டத்தில் ஒரு கதவு திறந்தால் இன்னொன்று எங்கே சாத்தப்பட்டது என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஆள் எடுக்க வேண்டும்.

அடுத்தது, நான் சற்று நிறுத்திப் பேச விரும்பும் விதி. கூட்டாட்சிப் பணம் உள்ளூர்ப் பணத்தோடு சேர வேண்டும், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது. விதியின் நோக்கம் இவ்வளவுதான். இதை எப்படிச் சோதிப்பது? பழைய சட்டத்தில் ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். போன ஆண்டு உள்ளூர்ப் பணத்தில் சம்பளம் வாங்கிய வாசிப்பு ஆசிரியரை இந்த ஆண்டு டைட்டில் ஒன் கணக்குக்கு மாற்றினால், தணிக்கையாளர் அதை விதிமீறல் என்றே முதலில் எடுத்துக்கொள்வார். இல்லை என்று காட்டுவது மாவட்டத்தின் பாடு.

புதிய சட்டத்தில் தனிச்செலவைப் பார்ப்பதில்லை. மாநில, உள்ளூர்ப் பணத்தைப் பள்ளிகளுக்குப் பிரிக்க மாவட்டம் ஒரு முறையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 22 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், பள்ளிக்கு ஒரு முதல்வர், ஒரு நூலகர், பிள்ளைக்கு இத்தனை டாலர் பொருட்செலவு. டைட்டில் ஒன் பெறும் பள்ளி என்பதற்காக இந்தப் பங்கில் ஒரு காசு குறையக் கூடாது. குறையவில்லை என்று காட்டிவிட்டால் போதும். காட்டுவதற்கு 2017 டிசம்பர் வரை அவகாசம் இருந்தது.

கேட்க எளிதுதான். நடைமுறையில் மூன்று இடத்தில் சிக்கும். பல மாவட்டங்கள் பழைய பயத்திலேயே, பாடத்தின் மையத்துக்குள் வராத ஓரச் செலவுகளுக்கு மட்டும் டைட்டில் ஒன் பணத்தைப் பயன்படுத்தி வந்தன. சட்டம் தந்த சுதந்திரம் கைக்கு வரவேயில்லை. இரண்டாவது, எழுதிவைத்த முறை ஒன்று, நடப்பது வேறொன்று. வசதியான பகுதிப் பள்ளிக்கு ஆண்டு நடுவில் ஓர் ஆசிரியரைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, அதை முறையில் பதியாமல் விடுவார்கள். மூன்றாவதுதான் மிக மோசம். இந்தத் தளர்வு டைட்டில் ஒன்னுக்கு மட்டும். ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கான டைட்டில் மூன்றில் பழைய சோதனையே தொடர்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அடிப்படை ஆங்கிலப் பயிற்சி தருவது 1974இல் சான் பிரான்சிஸ்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி மாவட்டத்தின் சொந்தக் கடமை. ஆகவே அந்த அடிப்படை ஆசிரியரின் சம்பளத்தை டைட்டில் மூன்றில் எழுதினால் தணிக்கையில் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். ஒரே அலுவலகம், ஒரே மேசை, இரண்டு திட்டங்களுக்கு இரண்டு விதி. கணக்கு எழுதுபவருக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

ஒரு மாவட்டத்தில் எல்லாப் பள்ளிகளும் டைட்டில் ஒன் பள்ளிகள் என்றாலோ, இருப்பதே ஒரு பள்ளி என்றாலோ இந்த முறையை எழுத வேண்டியதில்லை. கல்வித் துறை 2019 விளக்கத்தில் இதைத் தெளிவாக்கியது. அப்படிப்பட்ட சிறு மாவட்டங்கள் தேவையில்லாத தாளை நிரப்பிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்தலாம்.

சிறு மாவட்டம் என்றதும், மாணவர் ஆதரவுக்கும் கல்வி வளப்படுத்தலுக்குமான டைட்டில் நான்கு நினைவுக்கு வருகிறது. குறைந்தபட்ச ஒதுக்கீடு 10,000 டாலர். அதற்கும் விண்ணப்பம், ஆலோசனைக் கூட்டம், செலவறிக்கை எல்லாம் உண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கே சொன்னது போலிருக்கிறது. ஆனால் இந்தத் தொகையை டைட்டில் ஒன்னுக்கு மாற்றிக்கொள்ள புதிய சட்டம் அனுமதிக்கிறது. ஆசிரியர் பயிற்சிக்கான டைட்டில் இரண்டையும் அப்படி மாற்றலாம். மாற்றிய பணத்துக்கு டைட்டில் ஒன்னின் விதிகளே பொருந்தும். தனியார் பள்ளிகளோடு முன்கூட்டியே பேசிவிட்டு மாற்ற வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

அந்த டைட்டில் இரண்டின் சூத்திரமும் புதிய சட்டத்தில் மாறியது. முன்பு மாநிலங்களுக்கு இடையே பிரிக்கும்போது மக்கள்தொகைக்கு 35 சதவீதம், வறுமைக்கு 65 சதவீதம் எடை. அது படிப்படியாக 20க்கு 80 என்றானது. மாநிலத்துக்கு முன்பு கிடைத்த தொகை குறையாமல் காத்த பாதுகாப்பும் ஆண்டுக்கு 14.29 சதவீதப் புள்ளி வீதம் ஏழு ஆண்டுகளில் கரைந்தது. இப்படிப் படிக்கட்டு வைத்துக் குறைக்கும் சட்டத்தில், இழக்கும் பக்கம் நிற்கும் மாவட்டம் முதல் ஆண்டிலேயே ஏழாம் ஆண்டின் தொகையை மதிப்பிட்டு, ஓய்வு பெறுவோரின் இடத்தை நிரப்பாமல் விட்டுக்கொண்டே வரலாம். யாரையும் வேலையிலிருந்து அனுப்ப வேண்டியிராது.

படிக்கட்டே இல்லாமல் முடிந்த பணமும் உண்டு. பெருந்தொற்றுக் கால நிதி மூன்று தவணையாக ஏறக்குறைய 19,000 கோடி டாலர். மூன்றாவது தவணை மட்டும் சுமார் 12,200 கோடி. அதைக் கடமைப்படுத்த, அதாவது இன்ன செலவுக்கு என்று உறுதியாகக் கட்டிப்போட, கடைசி நாள் 2024 செப்டம்பர் 30. பள்ளி ஆண்டு தொடங்கி ஒன்றிரண்டு மாதத்திலேயே வருகிற தேதி. கடமைப்படுத்துவது என்றால் என்ன என்பதற்குக் கூட்டாட்சி விதியில் செலவுக்குச் செலவு வேறு விளக்கம். வெளி நிறுவனத்தோடு எழுத்து ஒப்பந்தம் போட்ட நாளே கடமைப்பட்ட நாள். சொந்த ஊழியருக்கோ அவர் வேலை செய்யும் நாள்தான் கடமைப்படும் நாள். ஜூன் வரை ஒப்பந்தம் கொடுத்த ஆசிரியரின் அக்டோபர் சம்பளத்தை அந்த நிதியில் எழுத முடியாது. செப்டம்பரிலேயே கையெழுத்தான பயிற்சி நிறுவனத்தின் அக்டோபர் வேலைக்குப் பணம் தரலாம். பல முதல்வர்கள் இந்த வித்தியாசத்தைத் தாமதமாகத்தான் அறிந்தார்கள். ஒப்பந்தம் போட்டிருந்தாலும் பில்லைத் தீர்க்க 120 நாள்தான். கூடுதல் அவகாசம் வாங்கியிருந்த மாநிலங்களுக்கும் 2025 மார்ச் 28 அன்று அது திடீரென ரத்து செய்யப்பட்டு, விவகாரம் நீதிமன்றம் போனது. அதனால் ஒருமுறை வரும் பணத்தில் பொருளும் பயிற்சியும் வாங்கலாம், நிரந்தரப் பணியிடம் கூடாது என்பது என் திடமான கருத்து. ஆள் எடுத்தே ஆக வேண்டுமென்றால் நியமன ஆணையிலேயே நிதியின் பெயரும் முடியும் தேதியும் இருக்கட்டும்.

பணம் முடிந்ததும் உள்ளூர்ச் செலவை வெட்டலாம் என்று தோன்றும். அங்கே இன்னொரு விதி காத்திருக்கிறது. மாநில, உள்ளூர்ச் செலவு முந்தைய ஆண்டின் அளவில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் கூட்டாட்சிப் பணமும் குறையலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் இன்னொரு முறையும் தவறியிருந்தால்தான் தண்டனை என்று புதிய சட்டம் சற்றுத் தளர்த்தியது.

காலம் சரியாக அமையாததும் பெரிய தொல்லை. பெரும்பாலான மாநிலங்களில் பள்ளியின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. கலிபோர்னியாவில் ஆசிரியரைக் குறைப்பதென்றால் மார்ச் 15க்குள் அறிவிப்புத் தர வேண்டும். அப்போது வாஷிங்டனின் தொகை பெரும்பாலும் தெரிந்திருக்காது. 2025 ஜூன் 30 அன்று, மறுநாள் வர வேண்டிய 600 கோடி டாலருக்கும் அதிகமான தொகை வராது என்று மாநிலங்களுக்குத் தகவல் போனது. ஆசிரியர் பயிற்சி, ஆங்கிலம் கற்போர், மாலை நேர வகுப்பு, இடம்பெயர்ந்து வேலை செய்வோரின் பிள்ளைகள் ஆகியோருக்கான பணம். மாலை வகுப்புப் பணம் ஜூலை நடுவில் விடுவிக்கப்பட்டது, மற்றது ஜூலை 25இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் பலர் கோடை வகுப்புகளையும் நியமனங்களையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். கையில் மிச்சம் வைத்திருந்த மாவட்டங்கள் மூச்சுவிட்டன. டைட்டில் ஒன்னில் 50,000 டாலருக்கு மேல் பெறும் மாவட்டம் 15 சதவீதம் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் மாநிலத்தின் அனுமதி வேண்டும், அதுவும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் கிடைக்கும்.

கல்விச் சட்டம் மாறாமலே பள்ளியின் பங்கு மாறும் வழி ஒன்று உண்டு. மாவட்டத்துக்கு வரும் டைட்டில் ஒன் தொகை பெரும்பாலும் மக்கள்தொகைத் துறையின் வறுமை மதிப்பீட்டில் கணக்காகிறது. மாவட்டத்துக்குள் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும்போது பெரும்பாலும் இலவச உணவுத் தரவை வைத்துக்கொள்கிறார்கள். 75 சதவீதத்துக்கு மேல் வறுமை உள்ள பள்ளிகளுக்கு முதலில் தர வேண்டும். இப்போது பல பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு தரும் திட்டத்தில் சேர்ந்துவிட்டன. உணவு உதவி போன்ற திட்டங்களில் ஏற்கெனவே பதிவான பிள்ளைகள் 25 சதவீதம் இருந்தால் போதும் என்று 2023இல் வரம்பு தளர்ந்தது. அங்கே வீட்டு வருமான விண்ணப்பமே வாங்குவதில்லை. பதிவானவர் எண்ணிக்கையை 1.6ஆல் பெருக்கிக் கணக்கிடலாம். பக்கத்துப் பள்ளி விண்ணப்பத்தை நம்பி, இந்தப் பள்ளி பெருக்கலை நம்பினால் தரவரிசை கோணும். எல்லாப் பள்ளிக்கும் ஒரே அளவுகோல் வைப்பதுதான் தீர்வு. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரி, செலவுச் சட்டம் உணவு உதவிக்கும் மருத்துவ உதவிக்குமான தகுதியை இறுக்கியிருக்கிறது. பதிவாகும் பிள்ளைகள் குறைந்தால், வறுமை குறையாமலே பள்ளி வசதியானதாகத் தெரியும். உதவிக்கு விண்ணப்பிக்கத் தயங்கும் குடியேறிய குடும்பங்கள் அதிகமுள்ள பள்ளிக்கு இந்த அடி முதலில் விழும். தனி வருமானப் படிவத்தை அச்சிட்டு, சேர்க்கை நாளிலேயே கையோடு நிரப்பி வாங்கும் மாவட்டங்கள் இதற்குத் தயாராகிவிட்டன என்று சொல்லலாம்.

தமிழ்க் குடும்பங்களைத் தொடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சேர்க்கையின்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் கேட்கும். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் சோதனை வைப்பார்கள். பயந்துகொண்டு ஆங்கிலம் என்று எழுதும் பெற்றோர் இருக்கிறார்கள். ஆனால் மாநிலம் தன் மாவட்டங்களுக்கு டைட்டில் மூன்று பணத்தைப் பிரிப்பது ஆங்கிலம் கற்போரின் எண்ணிக்கையை வைத்துத்தான். அந்தப் பிள்ளைகளின் முன்னேற்றமும் 2015க்குப் பிறகு பள்ளிகளை மதிப்பிடும் டைட்டில் ஒன் பொறுப்புக் கணக்கில் சேர்ந்துவிட்டது. பள்ளி ஆண்டு தொடங்கி 30 நாளுக்குள் பெற்றோருக்குக் கடிதம் வரும். அந்த வகுப்பு வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தாலும் பிள்ளையின் பெயர் எண்ணிக்கையில் இருக்கும், திறன் நிலையை எட்டும் வரை ஆண்டுத் தேர்வும் எழுத வேண்டும்.