படம் வந்துவிட்டது, ஆனால் முழுசாக வந்ததா?

நேயர்களுக்கு வணக்கம்.

4கே மானிட்டரை முதன்முதலில் என் பழைய கணினியில் மாட்டிய நாள். எழுத்துகள் கல்லில் செதுக்கியதுபோல் அத்தனை துல்லியம். ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்பு தத்தித் தத்தி வந்தது. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டுக்கு வயதாகிவிட்டது என்று நானே முடிவு கட்டி, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை மூன்று முறை அழித்துப் போட்டேன். புதுக் கார்டுக்கு விலைகூட விசாரித்துவிட்டேன். கடைசியில் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தால், திரையில் படம் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்று காட்டும் ரெஃப்ரெஷ் ரேட் என்ற இடத்தில் 60 இல்லை, 30 என்று இருந்தது. அதை முதலிலேயே பார்த்திருக்கலாம், தோன்றவில்லை.

கார்டின் மேல் தப்பே இல்லை. 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள், அதாவது படத்தின் புள்ளிகள். ஒரு பிக்சலுக்கு 4 பைட் வைத்தாலும், ஒரு முழுத் திரைக்கு 33 எம்பி நினைவகம் போதும். இன்றைய சாதாரணக் கார்டுக்கு அது ஒன்றுமே இல்லை. கேம் ஆடுவது வேறு கதை, அங்கே ஒவ்வொரு பிக்சலையும் கணக்குப் போட்டு உருவாக்க வேண்டும். மெயில் படிக்கவும் கட்டுரை எழுதவும் கார்டின் பலம் பெரிய விஷயமில்லை.

சிக்கல், கார்டிலிருந்து மானிட்டருக்குப் படம் போகும் வழியில். அந்த 83 லட்சம் பிக்சலுக்கும் 24 பிட் நிறம், நொடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு ஏறத்தாழ 1,200 கோடி பிட். என் கார்டில் நான் கேபிள் மாட்டியிருந்தது எச்டிஎம்ஐ 1.4 என்ற பழைய வகை போர்ட்டில். அதன் வேகம் 1,020 கோடி பிட் என்பார்கள், ஆனால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சங்கேதத்துக்கே போய்விடும். மிஞ்சுவது 816 கோடி. 60 எப்படி நுழையும்? 30-தான் நுழையும். இத்தனைக்கும் அதே கார்டில், அந்தப் போர்ட்டுக்குப் பக்கத்திலேயே டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்ற இன்னொரு வகை போர்ட் சும்மா கிடந்தது. அதில் 1,728 கோடி பிட் தாராளமாகப் போகும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை அதில் மாட்டினேன், அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது.

இதில் எரிச்சல் என்னவென்றால், யாரும் எச்சரிக்கை தரமாட்டார்கள். மானிட்டரை இணைத்ததும் அது தன் ஜாதகத்தை ஒப்பிக்கும்: இன்ன அளவு, இன்ன வேகம் எனக்கு ஒத்துவரும் என்று. கார்டு தன்னால் முடிந்ததை அதிலிருந்து பொறுக்கிக்கொள்ளும். இரண்டும் சமாதானமாகப் போய்விடும், படம் வந்துவிடும், நாம் ஏமாந்து போவோம். சில மானிட்டர்களில் எச்டிஎம்ஐ 2.0-ஐயோ புதிய டிஸ்ப்ளேபோர்ட் வகையையோ அதன் சொந்த மெனுவில் போய்த்தான் இயக்க வேண்டும். அதுவரை பழைய ஜாதகத்தையே ஒப்பித்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. 60 என்றே காட்டும், ஆனால் நிறத் தகவலை மட்டும் கால் பங்காகக் குறைத்து அனுப்பியிருக்கும். சினிமா பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. கறுப்புப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்தை வைத்துப் பாருங்கள், ஓரம் கலங்கித் தெரிந்தால் அதுதான் காரணம். நிற அமைப்பில் 4:2:0 என்றிருந்தால் நிறம் குறைத்து அனுப்பப்படுகிறது, அதை முழு நிறம் அனுப்பும் 4:4:4 அல்லது ஆர்ஜிபி என்று மாற்ற வேண்டும். மாற்ற விடவில்லை என்றால் வழி குறுகல் என்று அர்த்தம்.

கேபிள் கெட்டால் அடையாளமே வேறு. எச்டிஎம்ஐ-யில் திரை இரண்டு நொடி கறுத்துத் திரும்பும், அல்லது வெள்ளைப் புள்ளிகள் மின்னும். டிஸ்ப்ளேபோர்ட் கொஞ்சம் புத்திசாலி, இணைப்பு சரியில்லை என்றால் வேகத்தைத் தானே குறைத்துப் பார்க்கும். நீளமான கேபிள் என்றால் சந்தேகம் இன்னும் அதிகம். அப்புறம் மானிட்டரையும் மற்ற சாதனங்களையும் ஒரே கேபிளில் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி-சி டாக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அந்த ஒரே கேபிளில் உள்ள நான்கு தடங்களில் இரண்டை யூஎஸ்பி எடுத்துக்கொண்டால், படத்துக்கு இரண்டுதான் மிச்சம். மானிட்டரில் 'யூஎஸ்பி வேகமா, உயர் தெளிவா' என்று ஒரு தேர்வு இருந்தால் இதற்காகத்தான்.

இது புதிய தலைவலியும் இல்லை. 2001-லேயே ஐபிஎம் டி221 என்ற 22 அங்குல மானிட்டரில் 92 லட்சம் பிக்சல்கள் இருந்தன. டிவிஐ என்ற அந்தக் கால வகைக் கேபிள் ஒன்றில் நொடிக்கு 13 படம்தான் போனது, அதனால் நான்கு கேபிள் வரை மாட்டினார்கள். 2013 வாக்கில் வந்த முதல் 4கே மானிட்டர்கள் சிலவும் உள்ளுக்குள் இரண்டு பாதித் திரைகள்தாம். கணினி தூக்கத்திலிருந்து எழும்போது சில சமயம் ஒரு பாதி மட்டும் எழும்.

ஆகவே புது இணைப்பு கொடுத்தபின் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள், நிற அமைப்பைப் பாருங்கள். பிறகு கணினியை ஒருமுறை தூங்கவைத்து எழுப்புங்கள். எழுந்ததும் அதே 60 இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். வணக்கம்.