சுவர் இருந்தால்தான் சித்திரம்

(கெடா, பாடாங் செராய் வட்டாரத் தோட்டமொன்றின் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில், இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் பேசியது)

மாரியம்மன் ஆலயத் தலைவர் அவர்களே, மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் சார்பில் வந்திருக்கும் செயலாளர் அவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, எனக்கு மாலை போட்டுவிட்டு உடனே திரும்ப வாங்கிக்கொண்ட பொருளாளர் தம்பி அவர்களே (அடுத்த பேச்சாளருக்கும் அதே மாலைதான் போலிருக்கிறது), வணக்கம். எங்கள் தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த பழைய பெரிய கிராணி ஐயா முன்வரிசையில் இருக்கிறார். செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், என் அப்பா பெயரை எழுதிய கை அது. அவருக்குத் தனி வணக்கம்.

தலைப்பு, ஸ்குவாஷும் இளைஞர் நலமும். ஸ்குவாஷ் என்றால் நாலு சுவருக்குள் நின்று, மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஆட்டம். தூக்கம், மனம், சாப்பாடு என்று மூன்று விஷயம் பேசப்போகிறேன். மூன்றுக்கும் ஒரே பழமொழிதான்: சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்.

என் தங்கை மகன் கூலிம் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். தூக்கம் போய்விட்டது. படுத்தால் கைப்பேசி, எழுந்தால் எரிச்சல். தங்கை எலுமிச்சம்பழம் சுற்றினாள், கறுப்புக் கயிறு கட்டினாள். ஒரு நாள், உடன் வேலை செய்பவர் அவனைச் சுங்கை பட்டாணியில் ஒரு ஸ்குவாஷ் அரங்குக்குக் கூட்டிப்போனார். பையன் பந்தைத் தரையில் தட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, பந்து செத்துப்போச்சு” என்றானாம். இரண்டு மஞ்சள் புள்ளி வைத்த அந்தப் பந்து, அடித்து அடித்துச் சூடேற்றினால்தான் எழும்பும். பந்து சூடேறுவதற்குள் இவன் கொதித்துவிட்டான்.

அன்றைக்கு ஒன்பது மணிக்குப் படுத்தவன் மறுநாள் எட்டாகியும் எழவில்லை. தங்கை மூக்கில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறாள். எனக்குப் போன், பக்கத்து லயத்துக்கு ஆள், பூசாரிக்குத் தூது. நான் மோட்டார் சைக்கிளில் பறந்து போகிறேன். கட்டிலைச் சுற்றி ஏழு பேர், பூசாரி கையில் விபூதி. பையன் ஒற்றைக் கண்ணைத் திறந்து, “இன்னும் அஞ்சு நிமிஷம், மாமா” என்றான்!

சிரியுங்கள். ஆனால் காரணம் இருக்கிறது. உழைத்துச் சூடான உடம்பு பிறகு மெல்லக் குளிரும்போது தூக்கம் எளிதாக வரும். வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். சரி, படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் மூச்சிரைக்க ஆடினால்? நெஞ்சு படபடக்கும், தூக்கம் தள்ளிப்போகும். நம் பிள்ளைகளுக்கோ டவுனில் இரவு பத்து மணிக்குத்தான் இடம் கிடைக்கிறது. ஆடி முடித்து வீடு வந்தால் நள்ளிரவு. சுவர் பக்கத்தில் இருந்தால்தானே சித்திரம்?

அடுத்து மனம். மன உறுதிக்கு நம் ஸ்குவாஷ் வீராங்கனைகளைப் பாருங்கள். பினாங்கு நிக்கோல் டேவிட் எட்டு முறை உலக வெற்றியாளர், 2006 முதல் 2015 வரை தொடர்ந்து உலக முதலிடம். நம் கெடாவின் சிவசங்கரி 2022இல் சாலை விபத்தில் அடிபட்டுக் காமன்வெல்த் போட்டியை இழந்தார். அடுத்த ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம்! பூப்பந்து போதாதா என்று கேட்பீர்கள். பூப்பந்துக்கு எதிரே ஆள் வேண்டும். ஷிப்ட் வேலைக்காரனுக்கு ஆள் ஏது? ஸ்குவாஷில் சுவரே கூட்டாளி. கவனம் பந்தில் இருக்கும்வரை கடன், காதல், சூப்பர்வைசர் எதுவும் தலைக்குள் வராது. அதற்காக இது மருந்துக்கு மாற்று இல்லை. வாரக்கணக்கில் மனம் இருண்டு கிடந்தால் அரசாங்க கிளினிக்கில் போய்ச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டத்தையே 2023இல் நாடு நீக்கிவிட்டது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாட்டைப் பிறகு பார்க்கலாம், எப்படியும் வெளியே பிரியாணி இருக்கிறது. நான் வந்த காரியம் வேறு. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்திய நம் பழைய புகைக்கொட்டகை சும்மா கிடக்கிறது. ஓர் ஆடுகளத்துக்கு 32 அடி நீளம், 21 அடி அகலம் போதும். கிராணி ஐயாவோடு போய் அளந்து பார்த்துவிட்டேன், தாராளமாக இருக்கிறது. மனு கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், செயலாளர் ஐயா சங்கடப்படுவார். சித்திரம் எழுதப் பிள்ளைகள் இருக்கிறார்கள், சுவரும் நிற்கிறது. சாவிதான் வேண்டும்.

இரண்டாவது மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு பிரியாணிக்குப் போங்கள். பேனா என்னுடையது, வைத்துவிட்டுப் போங்கள்.