டவர் முடியற இடத்துல கடல் முடியறதில்ல

வணக்கம் மக்களே. மணி காலைல அஞ்சரை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல நிக்கறேன். பின்னாடி சத்தம் ஜாஸ்தியாத்தான் இருக்கும். ஏலம் ஓடிட்டிருக்கு, அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கிற மெஷினும் ஓடுது. கொஞ்சம் பொறுத்துக்குங்க. வீட்ல உக்காந்தே இந்த வீடியோவ எடுத்திருக்கலாம், ஆனா இங்க நின்னு பேசினாத்தான் நான் சொல்ல வர்றது உங்களுக்குப் புரியும்.

பேசப் போறது சாட்டிலைட் இன்டர்நெட் பத்தி. அதுக்கு முன்னாடி போன வாரம் நான் பாத்தத சொல்லிடறேன்.

எட்டு நாள் கடல்ல தங்கிட்டு ஒரு லாஞ்ச், அதாவது விசைப்படகு, கரைக்கு வந்துச்சு. அந்த லாஞ்ச் டிரைவர் அண்ணன் எனக்குப் பழக்கம். பாலிதீன் கவருக்குள்ள போட்டு ரப்பர் பேண்ட் சுத்தின போன், அத அப்படியே கைல புடிச்சிட்டு நின்னாரு. மொகமே சரியில்ல. "என்னண்ணே?"ன்னு கேட்டேன். பதில் சொல்லாம போன என்கிட்ட நீட்டினாரு. கவர் மேலயே படிச்சேன். முதல் மெசேஜ், "அம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கோம்." ஆறு நாளைக்கு முன்னாடி வந்தது. அதுக்குக் கீழ வரிசையா, "போன் எடு", "எங்க இருக்க", "ரத்தம் ஏத்தணுமாம்." கடைசில ஒண்ணு, "வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம், பயப்படாத."

கரைய நெருங்கும்போது டவர் புடிச்சவுடனே எல்லாம் ஒண்ணா வந்து விழுந்திருக்கு. வீட்ல ஆறு நாளா பட்ட பயம் மொத்தமும் அவருக்கு ஒரே நிமிஷத்துல வந்து சேந்துச்சு. அம்மா நல்லா இருக்காங்க, அது பெரிய நிம்மதி. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அதான் இந்த வீடியோ.

இப்போ அவரோட லாஞ்ச் கேபின்லதான் ஏறியிருக்கேன், கேட்டுட்டுத்தான் ஏறினேன். கேமராவ கிட்ட கொண்டு போறேன், பாருங்க. இதான் வயர்லெஸ் செட்டு, மைக்குன்னும் சொல்வாங்க. திருகற குமிழ சுத்தி வெள்ளையா படிஞ்சிருக்கே, அது கடல் உப்பு. ஒயர் விண்டு போன இடத்துல கறுப்பு டேப் சுத்தியிருக்கு. ஓரத்துல ஒரு பிளாஸ்திரி ஒட்டி, அதுல சேனல் நம்பர் பேனால எழுதியிருக்கு. செல்போன் டவர் கரைலேர்ந்து 15, 20 கிலோமீட்டர் தாண்டினா போயிடும். அதுக்கப்புறம் இந்த மைக்குதான் கதி. இதோட அலையும் நேராத்தான் போகும், பூமி வளைஞ்சிருக்கறதால ஒரு தூரத்துக்கு மேல எட்டாது. பக்கத்துல இருக்கற லாஞ்ச்சோட பேசலாம், வீட்டோட பேச முடியாது.

"சாட்டிலைட் போன் வச்சுக்க வேண்டியதுதானே"ன்னு சிலர் கேப்பீங்க. நம்ம நாட்ல அரசு அனுமதி இல்லாம துரையா, இரிடியம் மாதிரி கம்பெனிங்களோட சாட்டிலைட் போன் வச்சிருந்தா அது குற்றம். புடிச்சா வழக்குதான்.

இப்படிக் கரையோட தொடர்பு இல்லாம உயிரும் போயிருக்கு மக்களே. 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல். கன்னியாகுமரி பக்கத்துக்காரங்க பல நாள் முன்னாடியே ஆழ்கடலுக்குப் போயிட்டாங்க. புயல் சட்டுனு வலுத்துடுச்சு. எச்சரிக்கை கரைல ஒலிச்சுது, கடல்ல இருந்தவங்களுக்குப் போய்ச் சேரல. தமிழ்நாடும் கேரளாவும் சேந்து நூத்துக்கும் மேல மீனவர்கள இழந்துச்சு. அதுக்கப்புறம் இஸ்ரோ தொழில்நுட்பத்துல ஒரு கருவி வந்துச்சு, டிரான்ஸ்பாண்டர். கடலோர மாநிலங்கள்ல 1 லட்சம் படகுகளுக்கு இலவசமா மாட்டற திட்டத்த 2024 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க. குட்டிக் குட்டி மெசேஜ் ரெண்டு பக்கமும் போகும். ஆபத்துன்னா ஒரு பட்டன். இது உயிர் காக்கற கருவி, இத நான் ஒரு நாளும் குறைச்சுப் பேச மாட்டேன். ஆனா "அம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கோம்"னு வந்தா, மனுஷனுக்கு அம்மா குரலக் கேக்கணும். அதுக்கு இன்டர்நெட் வேணும்.

சரி, சாட்டிலைட்ல இன்டர்நெட் புதுசா என்ன? பழசுதான். அந்தமானுக்கு நம்ம சென்னைலேர்ந்து 2,300 கிலோமீட்டர் கடலடி கேபிள் போட்டு 2020 ஆகஸ்ட் 10ல தொடங்கி வச்சாங்க இல்லையா, அதுக்கு முன்னாடி அந்தத் தீவுகள் முழுக்க சாட்டிலைட்ட நம்பித்தான் இருந்துச்சு. ஆனா அது உயரத்துல நிக்கற சாட்டிலைட். 35,786 கிலோமீட்டர். அந்த உயரத்துல பூமி சுத்தற வேகத்துக்கே அதுவும் சுத்தும், அதனால நமக்கு ஒரே இடத்துல நிக்கற மாதிரி தெரியும். நம்ம வீட்டு டிடிஹெச் டிஷ் ஒரே பக்கம் பாத்துட்டு நிக்குதே, அது இதனாலதான்.

டிவிக்கு அது போதும். பேசறதுக்குத்தான் கஷ்டம். நீங்க அனுப்பினது மேல போய், கீழ வந்து, பதில் திரும்ப மேல போய், கீழ வரணும். கிட்டத்தட்ட 1,43,000 கிலோமீட்டர். ஒளி வேகத்துல போனாலே அரை செகண்ட். நீங்க "ஹலோ" சொல்லி, பதில் வரலன்னு மறுபடி "ஹலோ" சொல்லும்போது முதல் ஹலோவுக்குப் பதில் வரும்.

இப்போ வர்றது தாழ்வான சுற்றுப்பாதை. இந்த இன்டர்நெட் கொடுக்கற கம்பெனிங்கள்ல ஸ்டார்லிங்க்கோட சாட்டிலைட் சுமார் 550 கிலோமீட்டர், ஒன்வெப்போடது 1,200 கிலோமீட்டர். 550ன்னா இங்கேர்ந்து தூத்துக்குடி போற தூரம்கூட இல்ல, என்ன, நேரா மேல போறோம். அரை செகண்ட் ஆனது இப்போ செகண்ட்ல நூத்துல சில பங்குதான். வீட்ல பக்கத்து ரூம்ல பேசற மாதிரி பேசலாம்.

ஆனா தாழ்வா இருந்தா வேகமா ஓடணும். ஒன்றரை, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஒரு தடவ பூமிய சுத்திடும். நம்ம தலைக்கு மேல சில நிமிஷம்தான். ஒண்ணு போக ஒண்ணு வரணும், அதனாலதான் நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல அனுப்பறாங்க. ஒன்வெப்போட 72 சாட்டிலைட்ட நம்ம இஸ்ரோதான் ஏத்துச்சு, தெரியுமா? 2022 அக்டோபர் 23ல 36, 2023 மார்ச் 26ல 36. ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து. இந்த ஜெட்டிலேர்ந்து வடக்கே நேர்கோட்ல 100 கிலோமீட்டர்கூட இருக்காது.

டிஷ்ஷு எப்படி அவ்ளோ வேகமா ஓடற சாட்டிலைட்ட பாத்துட்டே இருக்கும்? இந்த இடம் எனக்கு ரொம்பப் புடிக்கும். அது திரும்பறதே இல்ல. தட்டையான ஒரு பலகைக்குள்ள நூத்துக்கணக்குல குட்டி ஆண்டெனா. கரைவலை இழுக்கறத பாத்திருக்கீங்களா? ரெண்டு பக்கமும் ஆளுங்க கயித்த இழுப்பாங்க. ஒரு பக்கம் முந்தி, இன்னொரு பக்கம் பிந்தி இழுத்தா வலை திரும்பிடும். அதே மாதிரி ஒரு ஓரத்து ஆண்டெனா துளி முந்தியும், மறு ஓரம் துளி பிந்தியும் அனுப்பினா அலை சாஞ்சு போகும். பலகை படுத்த இடத்துலயே கிடக்கும், அலை மட்டும் வானத்துல சாட்டிலைட்ட துரத்தும். ஆடற லாஞ்ச் மேல வச்சாலும் வேலை செய்யறதுக்கு இதான் காரணம். கரண்ட்டும் 50லேர்ந்து 100 வாட்டுக்குள்ளதான், லாஞ்ச் பேட்டரி தாங்கும்.

இப்போ நான் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம். ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூன்ல நம்ம நாட்ல உரிமம் கிடைச்சவுடனே எனக்கு வந்த மெசேஜ் எல்லாம், "ப்ரோ, அண்ணா நகருக்கு எப்போ வரும்? டி.நகருக்கு எப்போ வரும்?" அன்பா சொல்றேன், நமக்கு அது தேவையில்ல. ஒரு வட்டாரத்துக்கு சாட்டிலைட் இறக்கற வேகம் இவ்ளோதான்னு அளவு உண்டு. அத அந்த வட்டாரத்துல இருக்கறவங்க எல்லாம் பங்கு போட்டுக்கணும். நெருக்கியடிச்சு லட்சக்கணக்கான ஜனம் இருக்கற சென்னைல அது பத்தாது, ஃபைபர் முன்னாடி நிக்கவே முடியாது. இருபது லாஞ்ச் மட்டும் இருக்கற கடல்ல அதே சாட்டிலைட் தாராளமாக் கொடுக்கும். ஜனம் குறைவா இருக்கற இடத்துக்குன்னே அமைஞ்ச ஏற்பாடு இது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல நம்மளும் ருசி பாத்தோம். வேளச்சேரில எங்க சித்தி வீட்டச் சுத்தி தண்ணி, கரண்ட் இல்ல, ரெண்டு நாள் சிக்னல் இல்ல. அந்த ரெண்டு நாள் நான் பட்ட தவிப்பு எனக்குத்தான் தெரியும். இங்க அந்தத் தவிப்பு ஒவ்வொரு தடவ கடல்ல தங்கப் போகும்போதும்.

கடல் மட்டுமில்ல. கிராமத்துக்கு இன்டர்நெட் கொண்டு போற அரசோட பாரத்நெட் ஃபைபர், தமிழ்நாட்டோட 12,525 ஊராட்சிக்கும்னு திட்டம், நல்ல திட்டம். ஆனா மலை ஊராட்சில ஆபீஸ் வரைக்கும் கேபிள் வந்தாலும் அங்கேர்ந்து ஒத்தையடிப் பாதைல ரெண்டு மணி நேரம் நடக்கணும் சில குக்கிராமங்களுக்கு. கல்வராயன் மலை, ஜவ்வாது மலைல போய்ப் பாருங்க. அதே ஜவ்வாது மலைலதான் காவலூர் வானாய்வகமும் இருக்கு. வானத்துல இவ்ளோ சாட்டிலைட் ஓடினா தொலைநோக்கிப் படத்துல கோடு கோடா விழும்னு வானியல் ஆளுங்க கவலைப்படறது முழுக்க நியாயம். அதனாலயும் சொல்றேன், வானத்த இவ்ளோ செலவழிச்சு அத அண்ணா நகர்ல ரெண்டாவது இன்டர்நெட்டா வச்சுக்கறது தப்பு.

காசுதான் பெரிய கேள்வி. 2025 மே மாசம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதான் டிராய், ஒரு பரிந்துரை கொடுத்துச்சு, நகரத்துல வாங்கற ஒவ்வொரு இணைப்புக்கும் கம்பெனி வருஷம் 500 ரூபா கூடுதலா அரசுக்குக் கட்டணும், கிராமத்துக்கு அது வேண்டாம்னு. நோக்கம் சரி. ஆனா மலைல கூலி வேலைக்குப் போறவங்க டிஷ் வாங்க மாட்டாங்க, வாங்கவும் முடியாது. வீட்டுக்கு வீடு விக்கறத விடுங்க. பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒண்ணு, ரேஷன் கடைக்கு ஒண்ணு. கடல்லன்னா ஒண்ணா போற பத்து லாஞ்ச்ல ஒண்ணுக்கு டிஷ், மத்தவங்களுக்கு மைக்குல சேதி சொல்லிடலாம். இது நான் சொன்னதில்ல, இந்த அண்ணன் சொன்னது. டீசலுக்கு கொடுக்கற மானியத்துல ஒரு துளிய இதுக்கு ஒதுக்கச் சொல்லிக் கேக்கறாரு.

உங்க ஊர்ல டவர் எட்டாத இடம் எதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. ஊர் பேரும், சிக்னலுக்கு எவ்ளோ தூரம் நடக்கணும்னும் போடுங்க. எல்லாத்தையும் ஒரு மனுவா எழுதி நானே கொண்டு போய்க் கொடுக்கறேன்.

இருங்க, லாஞ்ச் கிளம்புது, கேமராவ அந்தப் பக்கம் திருப்பறேன். ஐஸ் ஏத்தியாச்சு, கயிறு அவுத்தாச்சு. பாருங்க, ஒரு கை ஸ்டியரிங்ல, ஒரு கைல போன், கவரோட. அம்மாகிட்ட பேசறாரு. இன்னும் பதினஞ்சு கிலோமீட்டர் வரைக்கும் பேசிட்டே போவாரு.